முட்டைத் தூளைச் சேமித்தலும் சமைத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக முட்டைத் தூள் புழக்கத்தில் இருக்கிறது. அதை அறிந்தவர்கள், தாங்களும் ஒரு டப்பா வாங்கியவுடன் என்னிடம் சந்தேகம் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சுட்டிச் செல்வதால், புதிதாகத் தொடங்குபவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

இது உண்மையிலேயே முட்டைதானா, இல்லை ஏதாவது மாவு கலந்து விற்கிறார்களா?

உண்மையான முட்டைதான். ஓட்டை நீக்கிய முட்டையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஆலையில் முட்டையை உடைத்து, வடிகட்டி, கிருமிகளை அழிப்பதற்காக அளவாகச் சூடாக்கிய பிறகு, வெப்பக் காற்று சுழலும் உயரமான கலத்துக்குள் மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்கிறார்கள். துளி அடியைத் தொடுவதற்குள் அதன் ஈரம் ஆவியாகிவிட, எஞ்சுவது தூள். காற்றின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், ஆவியாகும் நீர் துளியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் முட்டை வெந்துவிடுவதில்லை. வெந்திருந்தால் அதை மீண்டும் கரைத்து ஆம்லெட் சுட முடியாது. முடிவில் தூளில் இருக்கும் ஈரம் பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு.

ஆனாலும் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்க வேண்டாம். கட்டி பிடிக்காமல் இருப்பதற்காகச் சிலிக்கன் டை ஆக்சைடு சிறிதளவு சேர்த்திருப்பது இயல்பானது. பால் தூள், எண்ணெய், உப்பு ஆகியவற்றையும் சேர்த்து ஆம்லெட் கலவையாக விற்கும் பொருள் வேறு. இந்தப் பக்கத்தில் நான் தரும் அளவுகள் அதற்குப் பொருந்தா.

முழு முட்டை, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்று மூன்று வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் முழு முட்டைத் தூளை வாங்குங்கள். ஆம்லெட், கேக், பிஸ்கட், பான்கேக், மாவில் பிணைப்புக்குச் சேர்ப்பது என அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதியை அது நிறைவேற்றிவிடும். நுரை பொங்க அடித்துச் செய்யும் பண்டங்கள் அதிகம் செய்பவர்களுக்கு வெள்ளைக்கருத் தூள் தனியாகத் தேவைப்படும். மஞ்சள்கருத் தூள் கஸ்டர்டுக்கும் மயோனைஸுக்கும் உதவும் என்றாலும், மூன்றிலும் கொழுப்பு மிகுந்தது அதுவே என்பதால் விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

ஒரு முட்டைக்கு எத்தனை ஸ்பூன் தூள், எவ்வளவு தண்ணீர்?

எடைக் கணக்கில் ஒரு பங்கு தூளுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். ஓடு நீக்கிய பெரிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம் இருக்கும். அதற்கு ஈடாக 12.5 கிராம் தூளும் 37 அல்லது 38 மில்லி தண்ணீரும் வேண்டும். அதாவது 100 கிராம் தூள் எட்டு முட்டைக்குச் சமம். கரண்டியால் அளப்பவர்கள், சலித்த தூளில் தலைதட்டிய இரண்டரை டேபிள்ஸ்பூனும் அதே இரண்டரை டேபிள்ஸ்பூன் தண்ணீரும் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்கருவில் தண்ணீர் மிக அதிகம், ஏறக்குறைய 88 சதவீதம். ஆகவே ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 4 கிராம் தூளும் சுமார் 29 மில்லி தண்ணீரும் போதும். மஞ்சள்கருவில் பாதியளவுதான் தண்ணீர் என்பதால், ஒரு மஞ்சள்கருவுக்குத் தூளும் தண்ணீரும் எடையில் சம அளவாக, ஒவ்வொன்றும் 8 முதல் 9 கிராம் வரை எடுக்க வேண்டும். டப்பாவில் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அதே ஸ்பூன், அதே டப்பா. ஒரு நாள் கெட்டியாக வருகிறது, ஒரு நாள் நீர்த்துப்போகிறது. ஏன்?

கரண்டியில்தான் கோளாறு. முட்டைத் தூள் டப்பாவுக்குள் அமுங்கி இறுகும் தன்மையுடையது. சலித்த தூள் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 5 கிராம் நிற்கும். அதே கரண்டியை அடிப்பகுதியில் அழுத்தி அள்ளினால் 7 கிராம் கூட ஏறிவிடும். இரண்டரை கரண்டியில் இந்த வேறுபாடு ஏறக்குறைய அரை முட்டையின் தூளாகிவிடுகிறது. முட்டைத் தூளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறவர்கள் கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்றை வாங்கிவிடுவது, வேறு எந்த நுணுக்கத்தையும் விட அதிகப் பயன் தரும். தராசு இல்லாதவரை, அளப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் தூளைச் சலித்துக்கொள்ளுங்கள்.

கரைக்கும்போது கட்டி கட்டியாக நிற்கிறதே, என்ன செய்வது?

முழுத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் ஊற்றுவதுதான் காரணம். தூளின் வெளிப்புறம் உடனே நனைந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த பகுதிக்குத் தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. எனவே தூளைக் கிண்ணத்தில் சலித்துப் போட்டு, வேண்டிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஊற்றி, கட்டியில்லாத விழுதாகும்வரை குழையுங்கள். பிறகு மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். கரைந்தபின் 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுவது அவசியம். புரதம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள அந்த நேரம் வேண்டும். பொறுமையின்றி உடனே வாணலியில் ஊற்றினால், நாக்கில் மாவு போல நெருடும்.

அப்போதும் ஒன்றிரண்டு கட்டிகள் மிஞ்சினால் வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துவிடலாம். மிக்ஸியில் அடிப்பதை நான் விரும்புவதில்லை. கட்டி உடைந்தாலும் தேவையற்ற காற்றுக் குமிழ்கள் சேர்ந்து, ஆம்லெட் ஓட்டை ஓட்டையாக வரும்.

வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையுமே?

கரையாது, வெந்துவிடும். முட்டைப் புரதங்களில் சில 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே உறையத் தொடங்குகின்றன. தூளானாலும் அந்தத் தன்மை மாறுவதில்லை. கொதிநீரில் போட்ட தூள் திரிதிரியாகத் திரண்டு, எவ்வளவு அடித்தாலும் சேராது. கை பொறுக்கும் வெதுவெதுப்பு, அதாவது 40 டிகிரிக்கு மேற்படாத நீர், குளிர்ந்த நீரை விட விரைவாகக் கரைக்கும். அதற்கு மேல் வேண்டாம்.

கரைத்து வைத்த முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தூளாக இருக்கும்வரை அதில் பாக்டீரியா பெருக முடியாது. பெருகுவதற்கு வேண்டிய தண்ணீர் அங்கே இல்லை. ஆனால் அது கிருமியே இல்லாத பொருள் அல்ல. பெருக வழியில்லாமல் காத்திருக்கும் கிருமி ஒன்றிரண்டு இருக்கக்கூடும். கிண்ணம், கரண்டி, கை ஆகியவற்றிலிருந்தும் புதிதாகச் சேரக்கூடும். தண்ணீர் ஊற்றிய நொடியிலிருந்து உங்கள் கிண்ணத்தில் இருப்பது உடைத்து வைத்த பச்சை முட்டை. அதற்குக் காட்டும் எச்சரிக்கை அனைத்தையும் இதற்கும் காட்ட வேண்டும்.

ஆகவே தேவையான அளவை மட்டும் கரைத்து, ஊறும் நேரம் முடிந்ததும் சமைத்துவிடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்குள் பயன்படுத்துங்கள். மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம். அடுப்பருகே மறந்து இரண்டு மணி நேரம் கிடந்ததைக் கொட்டிவிடுங்கள். சில கிராம் தூள்தான் வீணாகிறது, அதற்காக வருந்த வேண்டியதில்லை.

பிரிக்காத டப்பா எத்தனை ஆண்டு இருக்கும்?

அச்சிட்ட தேதியே முதல் வழிகாட்டி. சாதாரணப் பையில் வரும் முழு முட்டைத் தூளுக்கு ஓராண்டை ஒட்டிய காலம் குறிப்பிட்டிருப்பார்கள்; காற்றை அகற்றி நைட்ரஜன் நிரப்பி அடைத்த தகர டப்பாக்களுக்குப் பல ஆண்டுகள் வரை குறிப்பிடுவார்கள். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே தூள்தான். ஆயுளைத் தீர்மானிப்பவை ஆக்சிஜன், ஈரம், வெப்பம், ஒளி ஆகிய நான்கும். முழு முட்டைத் தூளில் 40 சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு இருக்கிறது; ஆக்சிஜன் முதலில் தாக்குவது அதைத்தான். கொழுப்பு அறவே குறைந்த வெள்ளைக்கருத் தூள் மற்ற இரண்டையும் விட நீண்ட நாள் தாங்குவதற்கும் அதுவே காரணம்.

எங்கே வைக்கிறீர்கள் என்பது அடுத்தது. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி பலருக்கும் கைக்கு எளிது; முட்டைத் தூளுக்கு அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. வெப்பமும் நீராவியும் அங்கேதான் தேங்குகின்றன. தரையை ஒட்டிய, வெயில் படாத, காற்று குளிர்ந்திருக்கும் உள்ளறை அலமாரியைத் தேர்ந்தெடுங்கள்.

பிரித்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டுமா?

ஆம். பிரித்தவுடன் காற்று புகாத மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர் கொழுப்பின் சிதைவை மெதுவாக்கும். ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் ஈரக்காற்றும் பிற உணவுகளின் வாசனையும் இருப்பதால், பையின் வாயை மடித்து ரப்பர் பாண்டு போட்டு வைப்பது போதாது. அள்ளும் கரண்டி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில், கழுவித் துடைக்காத கரண்டியை நான் விட்டேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது கரண்டி பட்ட இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, புளித்த வாடையுடன் இருந்தது. பாத்திரம் முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லதுதானே?

தூளுக்கு உறைகுளிர் தீங்கு செய்யாது. அதில் உறைவதற்குத் தண்ணீரே இல்லை. ஆபத்து வெளியே எடுக்கும்போது வருகிறது. குளிர்ந்த பாத்திரத்தை உடனே திறந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரம் தூளின் மேல் பனித்துளியாகப் படியும். முந்தைய விடையில் சொன்ன ஈரக் கரண்டியின் வேலையை அது இன்னும் பரவலாகச் செய்துவிடும். எனவே ஒரு வாரத்துக்கு ஆகும் அளவில் சிறு பொட்டலங்களாகப் பிரித்து உறைய வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும். பெரிய பாத்திரத்தைத் தினமும் எடுத்துத் திறந்து மூடுபவர்கள் ஃப்ரீசரை மறந்துவிடுவது நல்லது.

பெரிய டப்பாவாக வாங்கி, கண்ணாடி ஜாடிகளில் பிரித்து வைக்கலாமா? ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போடலாமா?

வைக்கலாம், போடலாம். கண்ணாடி ஈரத்தையும் காற்றையும் நன்றாகத் தடுக்கிறது, ஒளியை மட்டும் தடுப்பதில்லை. ஒளி கொழுப்பின் கெடுதலை விரைவுபடுத்துவதால், ஜாடியைக் காகிதப் பையால் போர்த்தி இருட்டில் வையுங்கள். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் நன்கு உலர்ந்த பொருளில் மட்டுமே பாதுகாப்பானது. ஈரமுள்ள உணவைக் காற்றில்லாமல் அடைத்து அறை வெப்பத்தில் வைத்தால், பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். ஆலையில் உலர்த்திய தூள் அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் டப்பாவைத் திறந்து, ஈரமான காற்றில் சில வாரங்கள் கிடந்த தூளை இப்படி அடைக்கக் கூடாது. பிரித்த அன்றே அடைத்துவிடுங்கள்.

கெட்டுப்போயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்க முடியாதே.

மூக்கை முதலில் நம்புங்கள். நல்ல தூளுக்கு மெல்லிய முட்டை வாசனை மட்டும் இருக்கும். பழைய எண்ணெய், பெயின்ட், காய்ந்த மீன் ஆகியவற்றை நினைவூட்டும் வாடை, கொழுப்பு சிக்குப் பிடித்ததன் அடையாளம். அடுத்தது கரைதல். ஒரு தேக்கரண்டித் தூளை முறைப்படிக் கரைத்து ஊறவிடுங்கள். அடியில் மணல் போன்ற வண்டல் தங்கினால் புரதம் கெட்டு, கரையும் திறனை இழந்துவிட்டது என்று பொருள். அழுத்தினால் உடனே உதிரும் கட்டிகள் பொதுவாக வெறும் அமுக்கத்தால் வருபவை, கவலையில்லை. ஈரமாக ஒட்டும் கட்டி, பூஞ்சை, வண்டு, புழு இவற்றில் எது தென்பட்டாலும் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

இந்தச் சோதனைகள் அனைத்தும் தரத்தைச் சொல்லும். நோய்க்கிருமி இருக்கிறதா என்பதைச் சொல்லா. சால்மொனெல்லாவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

வாடை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிறம் பழுப்பாகிவிட்டது. சாப்பிடலாமா?

முட்டையில் இயல்பாகவே ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் குளுக்கோஸ் இருக்கிறது. உலர்த்தியபின் செறிவடையும் அந்தச் சர்க்கரை, புரதத்துடன் நாளடைவில் வினைபுரிந்து தூளைப் பழுப்பாக்குகிறது. ரொட்டியின் மேற்புறம் அவனில் சிவப்பதும் இதே வினைதான். இங்கே அது அடுப்பில்லாமல் மிக மெதுவாக நடக்கிறது. வெப்பமான இடத்தில் வைத்தால் வேகம் கூடும். இதைத் தடுக்கவே, உலர்த்துவதற்கு முன் நொதியைக் கொண்டோ நொதிக்க வைத்தோ குளுக்கோஸை நீக்கிவிடுகிறார்கள். வெள்ளைக்கருத் தூளில் இது வழக்கமான படிநிலை.

இலேசாக நிறம் மங்கிய தூளை, கரைதல் சோதனையில் தேறினால் கேக், பிஸ்கட் போன்றவற்றில் பயன்படுத்தித் தீர்க்கலாம். காப்பித் தூள் நிறத்தை நெருங்கியது கரையவும் கரையாது, கசக்கவும் செய்யும். அதை வைத்திருந்து பயனில்லை.

ஆம்லெட் ரப்பர் மாதிரி இருக்கிறது. வீட்டில் யாருமே தொடுவதில்லை.

இந்தக் குறை முட்டைத் தூளோடு நெடுங்காலமாகப் பிறந்துவருவது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், பிரிட்டனில் பன்னிரண்டு முட்டைக்கு ஈடான தூள் அடைத்த டப்பாக்கள் பங்கீட்டில் வழங்கப்பட்டன. அதை எப்படிக் கரைப்பது, எப்படிச் சமைப்பது என்று அந்நாட்டு உணவு அமைச்சகம் துண்டுப் பிரசுரங்களே வெளியிட வேண்டியிருந்தது. தூளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அதைக் கையாளும் முறையையும் சொல்லித் தர வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

ரப்பர் தன்மைக்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. தூள் கூடுதலாக விழுந்திருக்கும், அல்லது ஊற விட்டிருக்க மாட்டீர்கள், அல்லது தீ அதிகமாக இருந்திருக்கும். முதல் இரண்டுக்கும் விடை முன்பே சொல்லியாயிற்று. மூன்றாவதற்கு: வாணலியை மிதமாகச் சூடாக்கி, வெண்ணெயோ எண்ணெயோ சற்றுத் தாராளமாக விட்டு, கரைசலை மெல்லியதாக ஊற்றி, மேற்புறம் ஈரப் பளபளப்பை இழந்தவுடன் இறக்குங்கள். தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பால் சேர்த்தால் மென்மை கூடும். தூளுக்கே உரிய அந்த மெல்லிய வாடை உறுத்துகிறது என்பவர்கள் வதக்கிய வெங்காயம், மிளகு, பச்சை மூலிகை இலை எதையாவது சேர்த்துப் பாருங்கள். வெறும் உப்பிட்ட ஆம்லெட்டில் புது முட்டைக்கு இது முழுமையாக ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கிளறிய முட்டை பச்சை நிறமாகிவிட்டது. விஷமா?

விஷமில்லை. வெள்ளைக்கருவிலிருந்து வெளிப்படும் கந்தகச் சேர்மமும் மஞ்சள்கருவின் இரும்பும் நீண்ட நேரச் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் இரும்பு சல்பைடு அது. அதிகம் வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவைச் சுற்றித் தெரியும் பச்சை வளையமும் இதுவே. தீயைக் குறைத்து, வெந்ததும் பாத்திரத்தை மாற்றிவிடுங்கள்.

கேக்குக்குத் தூளைக் கரைக்காமல் அப்படியே மாவில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். தூளை மாவோடும் பேக்கிங் பவுடரோடும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். கரைப்பதற்கு ஆகியிருக்கும் தண்ணீரை, செய்முறையில் உள்ள பால் அல்லது தண்ணீரோடு கூட்டிவிடுங்கள். இந்தத் தண்ணீரைச் சேர்க்க மறந்துவிட்டுக் கேக் உதிர்கிறது என்பவர்கள் பலர். மூன்று முட்டைக் கேக் என்றால் 110 மில்லிக்கும் மேற்பட்ட தண்ணீர் விடுபட்டிருக்கும். எந்தக் கேக்கும் அதைத் தாங்காது.

அரை முட்டை, ஒன்றே கால் முட்டை என்று செய்முறையைச் சுருக்கவும் விரிக்கவும் வேண்டியவர்களுக்குத் தூள் புது முட்டையை விட வசதி. கிராம் கணக்கில் வகுத்துக்கொண்டால் முடிந்தது.

சாதாரண கேக் நன்றாக வருகிறது, ஸ்பாஞ்ச் கேக் மட்டும் தட்டையாகிவிடுகிறதே?

சாதாரண கேக்கை உப்ப வைப்பது பேக்கிங் பவுடர். ஸ்பாஞ்ச் கேக்கை உப்ப வைப்பது முட்டைக்குள் நீங்கள் அடித்து ஏற்றும் காற்று. உலர்த்தும்போது முழு முட்டையின் நுரைக்கும் திறன் பெருமளவு குறைந்துவிடுகிறது. மஞ்சள்கருவின் கொழுப்பு வெளிப்பட்டு நுரையைக் குலைப்பது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. எவ்வளவு நேரம் அடித்தாலும் புது முட்டையின் உயரம் வராது. வெள்ளைக்கருத் தூளையும் மஞ்சள்கருத் தூளையும் தனித்தனியாகக் கரைத்து, வெள்ளையை மட்டும் நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகச் சேர்த்து மடிப்பது ஒரு வழி. இல்லையேல் ஸ்பாஞ்சுக்குப் புது முட்டையையே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கருத் தூளை அடித்தும் நுரை பொங்கவில்லை.

கிண்ணத்தில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் நுரை எழாது. பிளாஸ்டிக் கிண்ணங்கள் கழுவிய பிறகும் பசையைப் பிடித்து வைத்திருக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடியை எடுங்கள். வெள்ளைக்கருத் தூளுக்கு 10 நிமிட ஊறல் போதாது. 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள். வெப்பப் பதம் செய்த வெள்ளைக்கரு புது முட்டையை விட மெதுவாகவே நுரைக்கும் என்பதால், வழக்கத்தை விட இரு மடங்கு நேரம் ஆனாலும் நிறுத்த வேண்டாம். எலுமிச்சைச் சாறு சில துளிகள் நுரையை நிலைப்படுத்தும். சர்க்கரையை நுரை எழுந்த பின்னரே சிறிது சிறிதாகச் சேருங்கள்.

புல்ஸ் ஐ, அவித்த முட்டை செய்ய வழி உண்டா?

இல்லை. கருவும் வெள்ளையும் கலந்துவிட்டன.

மயோனைஸ், பானம் எல்லாம் பச்சையாகத்தானே செய்கிறோம். இது பாஸ்ச்சரைஸ் செய்தது என்றால் வேகவைக்காமல் சாப்பிடலாமே?

ஆலையில் வெப்பப் பதம் செய்தது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு டப்பா திறக்கப்படும்வரைக்கும்தான் முழுமையாக நிற்கிறது. அதற்குப் பின் நடப்பவற்றை, கரைத்த முட்டையைப் பற்றிய விடையில் சொல்லியிருக்கிறேன். முட்டை சேர்ந்த பண்டத்தின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை சமைப்பதே பாதுகாப்பு. சிறு குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் உள்ள வீட்டில் இதற்கு விலக்கு வேண்டாம்.

மயோனைஸ் வேண்டுமென்றால், கரைத்த மஞ்சள்கருவை எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறிக்கொண்டே 71 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஆறிய பின் எண்ணெயை அடித்துச் சேருங்கள். கஸ்டர்டுக்கு இந்தக் கவலையே இல்லை, அது அடுப்பில்தான் கெட்டியாகிறது. இறக்கியதும் ஒருமுறை வடிகட்டினால் வழவழப்பாக இருக்கும். வெள்ளைக்கருத் தூளைப் பச்சையாகப் பானத்தில் கலந்து நாள்தோறும் குடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் என்ற வைட்டமினை உடல் ஏற்காதபடி பிடித்துவைத்துக்கொள்ளும். நன்கு வேகவைத்தால் அவிடின் செயலிழக்கும்.

அப்படியானால் தூளை வாணலியில் வறுத்துவிட்டால் கிருமி செத்துவிடாதா?

கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் யோசனை, ஆனால் பலிக்காது. சால்மொனெல்லா ஈரத்தில் இருப்பதை விட உலர்ந்த நிலையில் வெப்பத்தைப் பல மடங்கு அதிகமாகத் தாங்கும். வெள்ளைக்கருத் தூளை உலர்ந்த நிலையில் கிருமி நீக்க வேண்டியிருக்கும்போது, ஆலைகள் அதை 54 டிகிரிக்குக் குறையாத சூட்டறையில் ஏழு நாளும் அதற்கு மேலும் வைக்கின்றன என்பதிலிருந்தே அதன் பிடிவாதத்தை உணரலாம். வாணலியில் சில நிமிடம் வறுத்தால் தூள் கருகும், கரையும் திறன் போகும், கிருமி எஞ்சும். கரைத்து, பிறகு வேகவைப்பதே கிருமியைக் கொல்லும் வழி.

மிஞ்சிப்போன முட்டைகளை வீட்டிலேயே உலர்த்திப் பொடி செய்யலாமா?

வேண்டாம். வீட்டு உலர்த்தியிலோ அவனிலோ முட்டை பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருகுவதற்கு அதைவிட ஏற்ற சூழல் இல்லை. உலர்ந்து முடிந்த பின்னும் அவை உயிரோடு இருக்கும் என்பதை மேலே பார்த்தோம். முதலில் முட்டையைச் சமைத்து, பிறகு உலர்த்திப் பொடிப்பவர்களும் உண்டு. அந்தப் பொடி மீண்டும் கரையாமல் மணலாக நிற்கும், கேக்கிலும் பிணைப்புத் தராது. முட்டைகள் மிஞ்சினால் உடைத்து அடித்து ஃப்ரீசரில் உறைய வைப்பது எளிது, பாதுகாப்பானதும் கூட.

சத்தெல்லாம் போய்விடுமா?

புரதம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 100 கிராம் முழு முட்டைத் தூளில் சுமார் 48 கிராம் புரதம், 12.5 கிராமுக்குக் கணக்கிட்டால் 6 கிராம், அதாவது ஒரு முட்டையில் உள்ள அளவே. வெள்ளைக்கருத் தூளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 கிராம் புரதம். காற்றும் ஒளியும் பட நெடுநாள் வைத்தால் வைட்டமின் ஏ போன்றவை குறையும். கொலஸ்ட்ராலும் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே கைவசம் உள்ளதைச் சுழற்சியில் பயன்படுத்தித் தீர்ப்பது சத்துக்கும் நல்லது.

பையனுக்கு முட்டை ஒவ்வாமை. தூளாக்கினால் அது போய்விடும் என்கிறார்களே?

போகாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் தூளிலும் இருக்கின்றன, கொடுக்கவே கூடாது. காற்றில் பறக்கும் நுண்தூள் மூச்சில் போனாலும் சிலருக்குத் தொல்லை தரக்கூடும் என்பதால், அவன் அருகில் இருக்கும்போது சலிப்பதையும் தவிருங்கள். முட்டைக்கு மாற்றாக மாவுச்சத்தைக் கொண்டு செய்து விற்கும் பொடி வேறு, முட்டைத் தூள் வேறு. இரண்டின் உறையிலும் முட்டைப் படம் இருக்கலாம். பொருள் பட்டியலைப் படித்த பின்னரே வாங்குங்கள்.

பழைய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. புதிய பொட்டலத்தை அதன் மேலேயே கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். பழைய தூளில் சிக்கு வாடையோ ஈரமோ தொடங்கியிருந்தால் புதியதையும் அது கெடுத்துவிடும். எது எந்தத் தேதிக்குரியது என்பதும் தெரியாமல் போகும். மிச்சத்தைத் தனியே எடுத்து அந்த வாரக் கேக்கில் தீர்த்துவிட்டு, பாட்டிலைக் கழுவி, முழுமையாகக் காயும்வரை ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு புதியதை நிரப்புங்கள். பிரித்த தேதியை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.